கட்டளை வரியில் கோப்புகளைச் சுருக்கி நெட்வொர்க்கில் வேகமாக அனுப்புவது: முழுமையான வழிகாட்டி

பெரிய ஃபோல்டர் ஒன்றை இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும் என்றதும், புதிதாக வருபவர்கள் பலரும் பழகிய சுருக்கும் கட்டளையை அதிகபட்ச அளவில் ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள். முடிந்ததும் கோப்பை அனுப்பி, மறுமுனையில் விரிக்கிறார்கள். மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், சுருக்காமலே அனுப்பியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். வரிசையை மாற்றினால் இது நடக்காது: முதலில் அளப்பது, பிறகு கருவியைத் தேர்வது, கடைசியில்தான் அனுப்புவது.

இரண்டு முனைகளிலும் லினக்ஸ் அல்லது அதைப் போன்ற சிஸ்டம், எஸ்எஸ்எச் எனும் பாதுகாப்பான இணைப்பு வழியாக மறுமுனைக்கு உள்ளே போகும் அனுமதி, கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளை, சுருக்கும் கருவிகளான ஜிசிப், இசட்ஸ்டாண்டர்ட் ஆகியவை வேண்டும். இசட்ஸ்டாண்டர்டின் கட்டளைப் பெயர் அதன் நான்கெழுத்துச் சுருக்கமான இசட்எஸ்டிடி (zstd), கட்டளைகளில் அதையே தட்ட வேண்டும். அது பல சிஸ்டங்களில் தானாக வருவதில்லை. மறுமுனையிலும் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கட்டளையைப் பாதி ஓடவிட்ட பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல அது.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் விருப்பங்களுக்கு, முடிந்தவரை நீண்ட பெயரையே சொல்கிறேன். ஓரெழுத்து விருப்பங்களில் சின்ன எழுத்துக்கு ஒரு வேலை, பெரிய எழுத்துக்கு வேறு வேலை. புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

1. லைன் எவ்வளவு வேகம் என்று அளந்துகொள்ளுங்கள்

நெட்வொர்க் வேகத்தை பிட் கணக்கில் சொல்வார்கள், கோப்பின் அளவை பைட் கணக்கில் சொல்வார்கள். எட்டால் வகுத்தால்தான் இரண்டும் ஒரே கணக்குக்கு வரும். நூறு மெகாபிட் லைன் என்றால் வினாடிக்கு 12.5 மெகாபைட். ஒரு கிகாபிட் என்றால் 125 மெகாபைட். இந்த வகுத்தலை மறந்துவிட்டுப் போடும் கணக்கெல்லாம் எட்டு மடங்கு தப்பாகும்.

ஒப்பந்தத்தில் போட்டிருக்கும் வேகத்தை நம்ப வேண்டாம். லைன் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவி இரு முனையிலும் இருந்தால் அதை ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு கிகாபைட் அளவுள்ள உண்மையான கோப்பு ஒன்றை எஸ்எஸ்எச் வழியாக அனுப்பி, டைம் கட்டளையால் நேரம் பாருங்கள். எஸ்எஸ்எச்சின் மறையாக்கச் செலவும் அதில் சேர்ந்துவிடுவதால், உங்களுக்கு உண்மையில் கிடைக்கப்போகும் வேகம் அதுதான்.

வெறும் பூஜ்யங்களை உற்பத்தி செய்து அனுப்பி அளக்கும் பழக்கம் ஒன்று உண்டு. எஸ்எஸ்எச் அமைப்பில் சுருக்கம் ஏற்கெனவே இயக்கத்தில் இருந்தால், பூஜ்யங்கள் ஒன்றுமில்லாமல் சுருங்கி, லைன் பறக்கிறது என்று காட்டும். அந்த எண்ணை வைத்துத் திட்டமிட்டால் எல்லாம் பிசகும். ஏற்கெனவே சுருங்கிய வீடியோ கோப்பு போன்ற ஒன்றை வைத்து அளப்பதே சரி.

2. உங்கள் தரவு சுருங்குமா என்று பாருங்கள்

லாக் கோப்புகள், சிஎஸ்வி, ஜேசன், எஸ்கியூஎல் டம்ப் (டேட்டாபேஸை எழுத்தாக எடுத்த பிரதி), மூல நிரல் இவையெல்லாம் நன்றாகச் சுருங்கும். ஜேபெக் படம், எம்பி4 வீடியோ, எம்பி3, ஜிப் கோப்பு இவை சுருங்காது. உள்ளே ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கின்றன. வேர்டு, எக்செல் கோப்புகளின் புதிய வடிவங்களும் அடிப்படையில் ஜிப் கட்டுகளே. மறையாக்கம் செய்த தரவும் சுருங்காது, அதில் மீண்டும் வரும் வடிவமே மிஞ்சியிருக்காது. அதனால் இரண்டும் தேவை என்றால் முதலில் சுருக்குங்கள், பிறகு மறையாக்குங்கள். தலைகீழாகச் செய்தால் சுருக்கும் நேரம் முழுக்க வீண்.

ஃபோல்டரில் இரண்டும் கலந்திருந்தால், பெரும்பங்கு எது என்று, எது எவ்வளவு இடம் பிடிக்கிறது எனக் காட்டும் டியூ கட்டளையால் பாருங்கள். படங்களே பெரும்பங்கு என்றால் சுருக்கத்தை விட்டுவிடலாம். ஆனால் டாரால் கட்டுவதை விட்டுவிட வேண்டாம். ஏன் என்று ஐந்தாம் படியில் வருகிறது.

3. கணக்கைப் போடுங்கள்

எல்லா முடிவும் இங்கேதான் எடுக்கப்படுகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கையில் 40 கிகாபைட் லாக் இருக்கிறது, அது கால்வாசியாகச் சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஜிசிப் உங்கள் கம்ப்யூட்டரில் வினாடிக்கு 40 மெகாபைட் விழுங்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

நூறு மெகாபிட் லைனில் அப்படியே அனுப்பினால் 3,200 வினாடி, ஏறக்குறைய 53 நிமிடம். ஜிசிப்பில் சுருக்கிக்கொண்டே அனுப்பினால், 40 கிகாபைட்டையும் அது விழுங்கி முடிக்க 1,000 வினாடி, அதாவது 17 நிமிடத்துக்குள். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரம்.

அதே வேலை, கிகாபிட் லைன். அப்படியே அனுப்பினால் 320 வினாடி. ஜிசிப் வழியாக அனுப்பினால் அதே 1,000 வினாடி. லைன் சும்மா காத்திருக்க, ஜிசிப் மெதுவாக ஊட்டிக்கொண்டிருக்கும். சுருக்கியதால் மூன்று மடங்கு தாமதம்.

இதிலிருந்து இரண்டு எல்லைகள் கிடைக்கின்றன. சுருக்கும் கருவி விழுங்கும் வேகம் லைன் வேகத்தைவிடக் குறைவு என்றால், சுருக்கம் நஷ்டம். அது லைன் வேகத்தைச் சுருக்க விகிதத்தால் பெருக்கிய அளவை எட்டினால், அதற்கு மேல் கருவி வேகமாக ஓடியும் பயனில்லை, லைன் நிரம்பிவிட்டது. மேலே சொன்ன நூறு மெகாபிட் லைனுக்கு அந்த அளவு 12.5 பெருக்கல் 4, அதாவது 50 மெகாபைட். கிகாபிட்டுக்கு 500 மெகாபைட். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் இருக்கிறீர்கள் என்றால் வேகமான கருவி வேண்டும் அல்லது குறைந்த சுருக்க அளவு வேண்டும். மேல் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் இன்னும் இறுக்கமாகச் சுருக்க இடமிருக்கிறது.

டிஸ்க்கையும் கணக்கில் சேருங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போதே வினாடிக்கு நூறு, இருநூறு மெகாபைட் அளவில்தான் தரும். அங்கே 500 மெகாபைட் எதிர்பார்த்துக் கருவியை மாற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

4. கருவியைத் தேர்ந்து, மாதிரியில் சோதியுங்கள்

ஜிசிப் எங்கும் இருக்கும். அளவு 1 முதல் 9 வரை, சொல்லாவிட்டால் 6. செயலியின் ஒரே கோரில்தான் ஓடும். கம்ப்யூட்டரில் பதினாறு கோர் இருந்தாலும் பதினைந்து சும்மா இருக்கும். பிக்சி என்ற கருவி அதே ஜிசிப் வடிவத்தையே எல்லாக் கோர்களிலும் பிரித்துச் சுருக்கித் தரும். மறுமுனையில் ஜிசிப் மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த முனையில் பிக்சி போட்டுக்கொள்ளுங்கள், அங்கே எதுவும் மாற்ற வேண்டாம்.

இசட்ஸ்டாண்டர்ட் 2016ல் ஃபேஸ்புக் வெளியிட்டது. அளவு 1 முதல் 19 வரை, இயல்பாக 3. அல்ட்ரா என்று கூடுதலாகச் சொன்னால் 22 வரை போகும். நெட்வொர்க் வேலைக்கு என் முதல் தேர்வு இதுதான். குறைந்த அளவுகளில் ஜிசிப்பைவிடப் பல மடங்கு வேகம், சுருக்கமும் அதற்குக் குறைவில்லை. எந்த அளவில் சுருக்கினாலும் விரிக்கும் வேகம் பெரிதாக மாறாது. மறுமுனைக் கம்ப்யூட்டர் பலவீனமானது என்றால் இது பெரிய நிம்மதி.

எக்ஸ்இசட் மிகச் சிறிதாக்கும், மிக மெதுவாக. ஒருமுறை சுருக்கி ஆயிரம் பேர் இறக்கிக்கொள்ளப்போகும் கோப்புக்கு அது சரி. ஒரே தடவை அனுப்பும் வேலைக்கு, லைன் மிக மெதுவாக இருந்தாலொழிய வேண்டாம். அதன் 9ஆம் அளவு சுருக்குவதற்கு 674 மெபிபைட் நினைவகம் கேட்கும். பல கோர்களில் ஓடவிட்டால் அது கோர்களோடு சேர்ந்து பெருகும், சின்ன சர்வர் மூச்சுத் திணறும்.

எதை எடுப்பது என்பதை உங்கள் தரவைத்தான் கேட்க வேண்டும். முழுவதையும் சுருக்கிப் பார்க்க வேண்டாம், ஒரு கிகாபைட் மாதிரி போதும். அதைத் தனிக் கோப்பாக எடுத்துக்கொண்டு, இசட்ஸ்டாண்டர்டுக்குள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க் வசதியை ஓடவிடுங்கள். சின்ன எழுத்து பி, அதோடு ஒட்டித் தொடக்க அளவு. பிறகு சின்ன எழுத்து ஈ, அதோடு ஒட்டி முடிவு அளவு. ஒவ்வோர் அளவுக்கும் விகிதம், சுருக்கும் வேகம், விரிக்கும் வேகம் மூன்றும் வரிசையாக வரும். மூன்றாம் படியின் எல்லைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எந்த அளவு உங்களுக்கு என்பது தெரிந்துவிடும். பழைய பதிப்புகளில் அந்த வசதி இயல்பாக ஒரே கோரில் அளக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மாதிரியை ஃபோல்டரின் தலைப்பகுதியிலிருந்து மட்டும் எடுத்தால், முதலில் வருவது எல்லாம் லாக்காகவும் பின்னால் இருப்பது எல்லாம் படமாகவும் இருக்கலாம். இங்கொன்று அங்கொன்றாகக் கோப்புகளைப் பொறுக்கி மாதிரி செய்யுங்கள்.

5. டாரால் ஒரே கட்டாக்குங்கள்

ஜிசிப்போ இசட்ஸ்டாண்டர்டோ கோப்பைத்தான் சுருக்கும், ஃபோல்டரைக் கட்டாது. கட்டுவது டாரின் வேலை. சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் இருந்தால் இந்தப் படியிலேயே நேரம் பெருமளவு மிச்சமாகும். கோப்புகளை நகலெடுத்து அனுப்பும் எஸ்சிபி போன்ற கருவி ஒவ்வொரு கோப்புக்கும் மறுமுனையோடு போய் வந்து பேசுகிறது. தூரத்துச் சர்வர் என்றால் ஒவ்வொரு போய்வரவும் காத்திருப்பு. டார் எல்லாவற்றையும் ஒரே ஓட்டமாக்கிவிடுவதால் அந்தக் காத்திருப்பு மறைந்துபோகும். சுருக்காவிட்டாலும் கட்டுங்கள் என்று சொன்னது இதனால்தான்.

கட்டும் முன், அனுப்பத் தேவையில்லாததை எக்ஸ்க்ளூட் விருப்பத்தால் விலக்குங்கள். தற்காலிகக் கோப்புகள், கேஷ் ஃபோல்டர்கள், நிரலிலிருந்து மறுபடி உருவாக்கிக்கொள்ளக்கூடியவை. எந்தச் சுருக்கமும் அனுப்பாமல் விடுவதற்கு ஈடாகாது.

ஃபோல்டரின் பெற்றோர் ஃபோல்டருக்குப் போய் நின்று கட்டளையைக் கொடுங்கள். முழுப் பாதையைக் கொடுத்துக் கட்டினால், டார் முதல் சாய்கோட்டை மட்டும் நீக்கிவிட்டு மீதிப் பாதையை அப்படியே வைத்துக்கொள்ளும். மறுமுனையில் விரித்தால் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஏதோ ஆழத்தில் போய் உட்காரும். டைரக்டரி விருப்பத்தைக் கொடுத்தும் இதைச் சரிசெய்யலாம்.

ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை இப்படிக் கட்டவே கூடாது. டார் படிக்கும்போதே கோப்பு மாறும், எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டுத் தொடர்ந்து போகும், மறுமுனையில் உடைந்த டேட்டாபேஸ் கிடைக்கும். அந்த டேட்டாபேஸின் சொந்த டம்ப் கருவியால் எடுத்த டம்ப்பை அனுப்புங்கள்.

6. பைப் வழியாக நேரே அனுப்புங்கள்

சுருக்கி முடித்து, பிறகு அனுப்பி, பிறகு விரித்தால் மூன்று நேரமும் கூடும். மூன்றையும் பைப்பால், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் | குறியால், இணைத்தால் ஒரே நேரத்தில் நடக்கும், மிக மெதுவானது எதுவோ அதன் நேரம் மட்டுமே ஆகும். மூன்றாம் படியில் போட்ட கணக்கும் இப்படி அனுப்புவதை வைத்துத்தான். கூடவே, இந்த முனையில் இடைக்கோப்புக்கு டிஸ்க் இடமும் தேவையில்லை. டிஸ்க் நிரம்பியதால்தானே பல நேரம் தரவை நகர்த்தவே தொடங்குகிறோம்.

அனுப்பும் முனையில் முதலில் செட் -ஓ பைப்ஃபெயில் என்று கொடுங்கள். இது இல்லாவிட்டால் பைப்பின் கடைசிக் கட்டளை நன்றாக முடிந்ததா என்பதை மட்டுமே, கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் சொல்லும். டார் நடுவில் செத்துப்போனாலும் எல்லாம் சுபம் என்று திரும்பும். அப்புறம் இந்த வரி:

டார் --கிரியேட் --ஃபைல்=- லாக்ஸ் | இசட்ஸ்டாண்டர்ட் --திரெட்ஸ்=0 | எஸ்எஸ்எச் சர்வர் 'இசட்ஸ்டாண்டர்ட் --டிகம்ப்ரெஸ் | டார் --எக்ஸ்ட்ராக்ட் --ஃபைல்=- --டைரக்டரி=இலக்கு'

லாக்ஸ் என்பது அனுப்பும் ஃபோல்டர், சர்வர் என்பது மறுமுனை, இலக்கு என்பது அங்கே விரிக்கும் ஃபோல்டர்; அவற்றின் இடத்தில் உங்கள் பெயர்களைப் போடுங்கள். ஃபைல் விருப்பத்துக்குப் பின் வரும் ஒற்றைக் கோடு, கோப்புக்குப் பதிலாக பைப்பில் எழுது அல்லது படி என்று பொருள். திரெட்ஸ் பூஜ்யம் என்றால் எல்லாக் கோர்களையும் பயன்படுத்து. மறுமுனையில் ஓட வேண்டியது முழுவதும் மேற்கோள் குறிகளுக்குள் இருக்க வேண்டும். குறியை மறந்தால் இரண்டாவது டார் உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓடி, இலக்கு ஃபோல்டர் இல்லை என்று கத்தும். அதே பெயரில் இங்கேயும் ஒரு ஃபோல்டர் இருந்துவிட்டால் கத்தக்கூடச் செய்யாது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். இலக்கு ஃபோல்டரை முன்கூட்டியே உருவாக்கி வையுங்கள், டார் அதை உருவாக்காது.

லைன் வேகம் ஏறி இறங்கினால் அடாப்ட் விருப்பத்தைச் சேருங்கள். லைன் தடங்கும்போது இசட்ஸ்டாண்டர்ட் தானாக அளவைக் கூட்டி இறுக்கமாகச் சுருக்கும், லைன் காலியானால் அளவைக் குறைத்து வேகமாக ஊட்டும். நீங்கள் ஒரு எண்ணைத் தேர்ந்து உட்கார்ந்திருப்பதைவிட நல்லது.

எங்கே தடங்குகிறது என்று பார்க்க, பைப்பில் தரவு போகும் வேகத்தைக் காட்டும் பிவி கட்டளையை டாருக்கும் சுருக்கத்துக்கும் நடுவில் போடுங்கள், விழுங்கும் வேகம் தெரியும். சுருக்கத்துக்கும் எஸ்எஸ்எச்சுக்கும் நடுவில் போட்டால் லைனில் போகும் வேகம் தெரியும். இது லைன் வேகத்தைத் தொட்டுவிட்டால் அளவைக் கூட்டுங்கள். தொடவில்லை, டாப் கட்டளையில் கோர்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன என்றால் அளவைக் குறையுங்கள். கோர்களும் காலி, லைனும் காலி என்றால் டிஸ்க்தான் காரணம். அது அனுப்பும் முனையிலும் இருக்கலாம், வாங்கும் முனையிலும் இருக்கலாம்.

எஸ்எஸ்எச்சின் பெரிய எழுத்து சி விருப்பம் அதன் சொந்தச் சுருக்கத்தை இயக்கும். பைப்பில் சுருக்கும்போது அதைக் கொடுக்காதீர்கள். சுருங்கியதை மறுபடி சுருக்க முயன்று ஒரு கோரைத் தின்னும், ஒன்றும் குறையாது. அமைப்புக் கோப்பில் யாராவது அதை இயக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

மணிக்கணக்கில் ஓடும் வேலை என்றால் டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீனுக்குள் தொடங்குங்கள். டெர்மினல் ஜன்னல் மூடினாலும் வேலை நிற்காது.

7. லைன் அறுந்துபோகும் என்றால் வேறு வழி

பைப் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது இதன் பெரிய குறை. அடிக்கடி அறுபடும் லைனில், டிஸ்க் இடம் இருந்தால் சுருக்கிக் கோப்பாகச் சேமித்து, வேறுபடும் பகுதியை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் கருவி கொண்டு பார்ஷியல் விருப்பத்தோடு அனுப்புங்கள். பாதி போனது மறுமுனையில் நிற்கும், அடுத்த முயற்சியில் அந்தப் பகுதி மறுபடி லைனில் போகாது. இங்கே ஆர்சிங்க்குக்குச் சுருக்க விருப்பம் கொடுக்க வேண்டாம், கோப்பு ஏற்கெனவே சுருங்கியிருக்கிறது.

கோப்பாகச் சேமிக்கும்போது ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஜிசிப்பும் எக்ஸ்இசட்டும் வேலை முடிந்ததும் மூலக் கோப்பை அழித்துவிடும். கீப் விருப்பம் கொடுத்தால்தான் வைத்திருக்கும். இசட்ஸ்டாண்டர்ட் இயல்பாகவே மூலத்தை விட்டுவைக்கும்.

அதே ஃபோல்டரைத் தினமும் அனுப்புகிறீர்கள், மாறுவது கொஞ்சம்தான் என்றால், கட்டவே வேண்டாம். ஆர்சிங்க் மாறியதை மட்டும் அனுப்பும், அதற்குச் சுருக்க விருப்பத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 3.2 பதிப்பிலிருந்து அது இசட்ஸ்டாண்டர்டையும் ஏற்கிறது, இரு முனையிலும் அந்தப் பதிப்பு வேண்டும். கட்டிச் சுருக்கிய கோப்பைத்தான் தினமும் அனுப்பியாக வேண்டும் என்றால், சுருக்கும்போது ஆர்சிங்கபிள் விருப்பத்தைக் கொடுங்கள். அது இல்லாமல் சுருக்கினால், உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த இடத்திலிருந்து கடைசி வரை கோப்பு வேறாகிவிடும். ஆர்சிங்க் அத்தனையையும் மறுபடி அனுப்பும்.

8. மூலத்தை அழிக்கும் முன் சரிபாருங்கள்

கோப்பாக அனுப்பியிருந்தால் கோப்பின் கைரேகை போன்ற எண்ணைத் தரும் எஸ்எச்ஏ256சம் கட்டளையை இரு முனையிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். சுருக்கும் கருவியின் டெஸ்ட் விருப்பம், கோப்பு உள்ளுக்குள் முழுதாக இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், நீங்கள் அனுப்பிய அதே கோப்புதானா என்று சொல்லாது.

பைப்பில் அனுப்பியிருந்தால் ஒப்பிடக் கோப்பு இல்லை. ஆர்சிங்க்கை ஆர்க்கைவ், செக்சம், ட்ரை-ரன், ஐட்டமைஸ்-சேஞ்சஸ் ஆகிய நான்கு விருப்பங்களோடு ஓட்டுங்கள். எதையும் அனுப்பாமல், இரு முனையிலும் ஒவ்வொரு கோப்பையும் படித்து, வேறுபடுவதைப் பட்டியலிடும். நீங்கள் விலக்கியவற்றை இங்கேயும் விலக்குங்கள், இல்லாவிட்டால் பட்டியல் அவற்றால் நிறையும். கோப்பு எதுவும் பட்டியலில் வராவிட்டால் மூலத்தை அழிக்கலாம். நேரம் எடுக்கும்தான். ஆனாலும் இதைத் தவிர்க்க வேண்டாம்.

பழைய ஜிசிப்பின் லிஸ்ட் விருப்பம் காட்டும் அளவை வைத்துச் சரிபார்க்காதீர்கள். 1.12க்கு முந்தைய பதிப்புகள், விரித்த அளவு 4 கிகாபைட்டைத் தாண்டினால் தப்பான எண்ணைக் காட்டும். அந்த வடிவத்தில் அளவை எழுத ஒதுக்கியிருப்பது நான்கு பைட்டுதான்.

9. திரும்பத் திரும்ப வரும் சிக்கல்கள்

மறுமுனையிலிருந்து இங்கே இழுக்கும்போது விரிக்கும் கருவி, இது என் வடிவம் இல்லை என்று மறுத்தால், அந்தச் சர்வரின் பாஷ் தொடக்கக் கோப்பில் ஏதாவது வரவேற்பு வாசகம் அச்சாகிறதா பாருங்கள். அந்த எழுத்துகள் தரவின் தலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

எஸ்எஸ்எச்சுக்கு டெர்மினல் ஒதுக்கச் சொல்லும் விருப்பத்தைக் கொடுத்திருந்தாலும் தரவு கெடும். டெர்மினல் சில பைட்டுகளைக் கட்டுப்பாட்டுக் குறிகளாக எடுத்துக்கொண்டு மாற்றிவிடும்.

விண்டோஸில் பவர்ஷெல்லின் பைப்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தாலொழிய. பழையவை பைப்பில் போவதை எழுத்துகளாக எண்ணி மாற்றிவிடுவதால், சுருக்கிய தரவு மீட்க முடியாதபடி சிதையும். அங்கே லினக்ஸ் துணையமைப்புக்குள் போய்ச் செய்வது பாதுகாப்பு.

வெறும் டாரின் வேகத்தை அளக்க, வெளியீட்டை, எழுதுவதையெல்லாம் தூக்கியெறியும் நல் டிவைஸுக்கு அனுப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. ஜிஎன்யூ டார் அதைக் கண்டுகொண்டு, கோப்புகளைப் படிக்காமலே முடித்துவிடும். நடுவில் கேட் கட்டளை ஒன்றைப் பைப்பில் சேர்த்தால் உண்மையாகப் படிக்கும். அதையே இரண்டாம் முறை அளந்தால், முதல் முறை படித்தது நினைவகத்தில் தங்கியிருப்பதால் டிஸ்க் வேகமாகத் தெரியும். முதல் முறை வந்த எண்ணையே கணக்கில் எடுங்கள்.